மருத்துவமனையில் முதியவர்கள் தவறி விழுதல்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 74. ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் என்று வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அன்றிரவு துணைக்கு இருந்தது கல்லூரியில் படிக்கும் பேரன். விடியற்காலை நான்கு மணிக்குப் பெரியவர் எழுந்திருக்கிறார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கும் பேரனை எழுப்ப மனம் வரவில்லை. குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டே உளூச் செய்யப் போனவர், குளியலறை வாசலில் விழுந்துவிட்டார்.

இடுப்போடு சேரும் இடத்தில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று அறுவை சிகிச்சை நாள் கணக்கில் தள்ளிப்போனது. படுத்த படுக்கையில் நெஞ்சுச் சளி கட்டியது. ஏழாவது வாரம் அவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தினேன்.

கபரஸ்தானிலிருந்து திரும்பும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "காய்ச்சலுக்குப் போனவர் காலை உடைத்துக்கொண்டார், அல்லாஹ்வின் நாட்டம்." ஆனால் அந்தப் பேரன் என்னிடம் தனியாக வந்து கேட்டான்: "ஹஜ்ரத், நான் தூங்காம இருந்திருந்தா இது நடந்திருக்காதுல்ல?"

அந்தக் கேள்விதான் என்னை இது பற்றிப் படிக்கவும் மருத்துவர்களிடம் விசாரிக்கவும் வைத்தது. தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இது எவ்வளவு பெரிய விஷயம்?

வயதானவர் விழுவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தவறி விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இந்த மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நடக்கின்றன. அதிகம் இறப்பவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள்.

மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள் விழுவது உலகெங்கும் உள்ள பிரச்சினை. வசதிகள் நிறைந்த இங்கிலாந்திலேயே ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் முறை உள்நோயாளிகள் விழுவதாகப் பதிவாகிறது. 65 வயது கடந்த உள்நோயாளி ஒவ்வொருவரையும் 'விழும் ஆபத்து உள்ளவர்' என்றே கருத வேண்டும் என்று அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் 2013-இல் சொன்னது.

நம் மாநிலத்திலும் முதியோர் பெருகி வருகிறார்கள். 2021-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் மதிப்பீட்டில், தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இதில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் இந்த முதியவர்கள் யார் என்று பாருங்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள், எண்ணூர், மணலி தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்தவர்கள், செங்குத்தான படிகளில் தண்ணீர்க் குடம் சுமந்து ஏறிய பெண்கள். மூட்டும் முதுகும் உழைப்பில் தேய்ந்தவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இல்லாதவர் குறைவு.

பாதுகாப்பான இடத்தில் ஏன் விழுகிறார்கள்?

வீட்டில் நன்றாக நடந்தவர் மருத்துவமனையில் விழுகிறார். இதற்குக் காரணங்கள் பல, அவை ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து.

முதலாவது, படுக்கை. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அவர்கள் நோயாளிகளே இல்லை. காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்த உடம்பு இதைவிட வேகமாகப் பலம் இழக்கும். ஆனால் 'நான் நடப்பேன்' என்ற நினைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குவது. படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் அதை ஒரு கோளாறாகவே மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சரியாகச் சாப்பிடாமை, பேதி ஆகியவை இதை அதிகமாக்கும். கண் இருட்டிக்கொண்டு வரும், அடுத்த நொடி தரையில் இருப்பார்.

மூன்றாவது, மருந்துகள். தூக்க மாத்திரை, மனப் பதற்றத்துக்கான மாத்திரை, கடுமையான வலி மருந்து ஆகியவை தள்ளாட்டம் தரும். சாப்பாடு குறைந்த நாளில் இன்சுலின் அதே அளவு போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

நான்காவது, திடீர்க் குழப்பம். தொற்று, உப்புச் சத்துக் குறைவு, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் முதியவர்களுக்கு நேரம், இடம் தெரியாமல் போகலாம். இரவில் அதிகமாகும். "வீட்டுக்குப் போகணும், கடையைத் திறக்கணும்" என்று எழுந்து விடுவார்கள். இது பைத்தியமும் அல்ல, ஜின் வேலையும் அல்ல. காரணத்தைக் கண்டு வைத்தியம் செய்தால் பெரும்பாலும் சரியாகும் உடல் கோளாறு. உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, இடம். உயரமான கட்டில், ஈரத் தரை, இரவில் மங்கிய விளக்கு, கையில் குளுக்கோஸ் குழாய், தடுக்கும் கைலி, வீட்டிலேயே விட்டு வந்த கண்ணாடி.

இவை எல்லாம் சந்திக்கும் இடம் கழிவறைப் பயணம். யாரும் கவனிக்காத நேரத்தில், கழிவறைக்குப் போகும்போதோ திரும்பும்போதோதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

விழுந்தால் என்ன ஆகும்?

பலருக்குச் சிராய்ப்போடு போய்விடும். சிலருக்கு வாழ்க்கையே மாறிவிடும்.

இடுப்பு எலும்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை முறிவுதான். அடிபட்ட கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் சிலருக்கு எலும்பு ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிடுவதால் நடக்கவும் முடியும். "நடக்கிறாரே, முறிவு இருக்காது" என்று விட்டுவிடக் கூடாது. இந்த முறிவு ஏற்பட்ட முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை.

முறிவைவிட, அதன் பிறகு படுத்தே கிடப்பதுதான் ஆளைக் கொல்கிறது. நுரையீரலில் சளி, காலில் ரத்தக் கட்டி, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதனால்தான் சேர்த்த நாளிலோ மறுநாளிலோ அறுவை சிகிச்சை செய்து, அடுத்த நாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்பது இங்கிலாந்தின் வழிகாட்டுதல். அறுவை தள்ளிப்போனால், "எதற்காகக் காத்திருக்கிறோம், அது எப்போது முடியும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "இந்த வயசுல ஆபரேஷன் வேண்டாம், கட்டுப் போட்டுப் பார்ப்போம்" என்று புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போக நினைக்கும் குடும்பங்கள் உண்டு. இந்த முறிவுக்கு அது ஆபத்தான முடிவு.

தலையில் அடி பட்டால் இன்னொரு எச்சரிக்கை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசியலாம். அன்று நன்றாகப் பேசுவார். சில நாள், சில வாரம் கழித்துத் தலைவலி, தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கத் தளர்ச்சி வரும்.

கண்ணுக்குத் தெரியாத காயமும் ஒன்று உண்டு, அதுதான் பயம். ஒருமுறை விழுந்தவர் நடக்கவே அஞ்சி, பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்தி, வீட்டு மூலையில் ஒடுங்கிவிடுகிறார். நடக்காததால் கால் இன்னும் பலம் இழக்கிறது. அடுத்த விழுதலுக்கு அதுவே காரணமாகிறது.

மருத்துவமனையின் பொறுப்பு

விழும் ஆபத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் ஒரு கணக்கு 'மோர்ஸ் அளவுகோல்'. நர்ஸ் ஆறு கேள்விகளுக்குப் புள்ளி போடுவார்:

- சமீபத்தில் விழுந்திருந்தால் 25
- ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15
- ஊன்றுகோல், வாக்கர் என்றால் 15, மேசை நாற்காலியைப் பிடித்து நடந்தால் 30
- குளுக்கோஸ் ஏற்றும் ஊசி கையில் இருந்தால் 20
- நடை பலவீனமாக இருந்தால் 10, தள்ளாடினால் 20
- தன் பலத்தை உள்ளதைவிட அதிகமாக நினைத்தால் 15

45-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்று பல மருத்துவமனைகள் கணக்கிடுகின்றன. எங்கள் பெரியவருக்குப் போட்டுப் பார்த்தேன். சர்க்கரையும் தொற்றும் சேர்ந்து 15, குளுக்கோஸ் ஊசிக்கு 20, ஸ்டாண்டைப் பிடித்து நடந்ததற்கு 30, பலவீனமான நடைக்கு 10. மொத்தம் 75. 'என்னால் முடியும்' என்று நினைத்ததற்கு இன்னொரு 15 சேர்த்தால் 90. ஒருமுறைகூட விழாத மனிதருக்கு இவ்வளவு.

இந்தியாவில் என்.ஏ.பி.எச். தரச்சான்று பெறும் மருத்துவமனைகள் இந்த ஆபத்தை மதிப்பிட்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைக்குள் விழுந்து முறிவு ஏற்பட்டால், அந்தக் கூடுதல் செலவை அரசின் மெடிகேர் காப்பீடு 2008 அக்டோபர் முதல் தருவதில்லை.

ஆனால் அறிவிப்புப் பலகையும் கையில் வளையமும் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் எச்சரிக்கைப் பலகை, தாழ்வான கட்டில், அலாரம் போன்ற ஆறு ஏற்பாடுகளைச் செய்து பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவில் விழுதல் குறையவில்லை. அதற்கு மாறாக, பாஸ்டன், நியூயார்க் மருத்துவமனைகளில் நோயாளியையும் குடும்பத்தாரையும் உட்கார வைத்து, 'இவருக்கு எதனால் ஆபத்து, என்ன செய்ய வேண்டும்' என்று சேர்ந்தே திட்டமிட்டார்கள். 2020-இல் வெளியான முடிவில் விழுதல் 15 சதவீதமும் காயத்தோடு விழுதல் 34 சதவீதமும் குறைந்திருந்தன. குடும்பம் விவரம் தெரிந்து உள்ளே வருவதுதான் வித்தியாசம்.

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். வடசென்னை ஏழை எளியவர்களுக்கு ஸ்டான்லிதான் புகலிடம். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்விட்டதால், இன்றும் பெரியவர்கள் அதை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். இப்படிப்பட்ட பெரிய அரசு மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நர்ஸ் நிற்க முடியாது. கட்டிலருகே இருப்பது பாஸ் வாங்கிய நம் வீட்டு ஆள்தான்.

துணைக்கு இருப்பவர் செய்ய வேண்டியவை

1. சேர்க்கும்போதே சொல்லுங்கள்: கடந்த ஓராண்டில் விழுந்தாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்டா, இரவில் எத்தனை முறை எழுவார். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் கொண்டு போங்கள்.

2. கண்ணாடி, காது கருவி, வாக்கர், பின்பக்கம் வார் உள்ள வழுக்காத செருப்பு ஆகியவற்றை வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். கைலி கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும்.

3. இரவு முறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பகல் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றவரை இரவு காவலுக்கு அனுப்பாதீர்கள். சின்னப் பையன்களை மட்டும் விடாதீர்கள். அவர் இறங்கும் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், எழுந்தால் உங்களைத் தொடாமல் போக முடியாது.

4. தூங்கும் முன் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நீங்களே கழிவறைக்கு அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் யூரின் கேன், பெட்பேன். அடிக்கடி எழுகிறார் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், உடம்பு வறண்டால் தலைசுற்றல் கூடும்.

5. எழும் முறை: கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று நிமிடம் கால்களை அசைக்கட்டும். பிறகு பிடித்துக்கொண்டு நிற்கட்டும். தலைசுற்றல் இல்லையென்றால் நடக்கட்டும். குளுக்கோஸ் ஸ்டாண்டுக்குச் சக்கரம் உண்டு, அது பிடிமானம் அல்ல.

6. கட்டில் சக்கரத்தின் பிரேக்கைப் பாருங்கள். கட்டிலைத் தாழ்த்தச் சொல்லுங்கள். குழப்பத்தில் இருப்பவருக்குப் பக்கக் கம்பிகளை எல்லாம் தூக்கிவிட்டால் அவர் ஏறிக் குதித்து இன்னும் உயரத்திலிருந்து விழக்கூடும், நர்ஸிடம் கேட்டே செய்யுங்கள். கையைக் கட்டுவது குழப்பத்தை அதிகமாக்கும்.

7. "ராத்திரி தூங்கமாட்டேங்கிறார்" என்று தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

8. பயந்து படுக்கையிலேயே வைத்திருப்பதும் தவறு. டாக்டர் அனுமதித்தால் பகலில் பிடித்து நடக்க வையுங்கள்.

உளூவும் தொழுகையும்

முஸ்லிம் முதியவர்கள் விழும் நேரங்களில் ஒன்று ஸுப்ஹு நேரம். பிறருக்குத் தெரியாத இந்த விஷயத்தை நாம்தான் பேச வேண்டும்.

மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரி பதிவு செய்திருக்கிறார். அந்தக் கேள்வியே ஒரு நோயாளியின் கேள்வி. எழுந்தால் விழுவார் என்று மருத்துவர் எச்சரித்தவர் 'முடியாதவர்' என்ற வரையறைக்குள் வருகிறார். கட்டிலில் உட்கார்ந்து, ருகூவுக்குச் சற்றும் சுஜூதுக்கு அதைவிடக் கூடுதலாகவும் குனிந்து தொழலாம். நோயின் காரணமாக உட்கார்ந்து தொழுபவருக்கு நன்மை குறைவதில்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள். நம் பெரியவர்களைத் தடுப்பது அந்தக் கவலைதான்.

உளூவுக்கு ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு பேசினும் கட்டிலுக்கே கொண்டு வரலாம். தண்ணீர் தீங்கு செய்யும் அல்லது பயன்படுத்த இயலாது என்றால் தயம்மும் இருக்கிறது, சுத்தமான மண்ணை ஒரு சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். சிறுநீர்ப் பை மாட்டியவர் சட்டத்தில் சலுகைக்குரியவர், ஒவ்வொரு வேளைக்கும் உளூச் செய்து அப்படியே தொழலாம். கிப்லாவுக்குத் திரும்ப வழியில்லை என்றால் இருக்கும் திசையே போதும். விவரங்களை உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள், மருத்துவமனைக்கே வந்து விளக்கச் சொல்லுங்கள்.

கூச்சம் இன்னொரு காரணம். வார்டு பாய் தொடுவதை அம்மா விரும்பமாட்டார், நர்ஸ் பிடிப்பதை அத்தா விரும்பமாட்டார். வீட்டு ஆளோ, தன் பாலினத்தவரோ கிடைத்தால் நல்லது. கிடைக்காத நிலையில் உதவி பெறுவதை நிர்ப்பந்தம் அனுமதிக்கிறது.

விழுந்துவிட்டால்

கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். முதலில் நர்ஸைக் கூப்பிடுங்கள். தலை, கழுத்து, இடுப்பு பார்த்த பிறகே தூக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டாக்டர் வந்து பார்த்ததையும் விழுந்த நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எதனால் விழுந்தார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மறுபடி விழுவார்.

கவனக்குறைவு என்று உறுதியாகத் தெரிந்தால், கட்டணம் வாங்கும் மருத்துவமனைமீது நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் அதற்குள் வராது. நர்ஸை அடிக்கப் போவது எந்தச் சட்டத்திலும் மார்க்கத்திலும் இல்லை.

சென்னையில் உள்ள வசதிகள்

முதியோர் மருத்துவத்தில் நம் ஊர் முன்னோடி. டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் நலப் பிரிவு தொடங்கியது. கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு ஒரே மெட்ரோ ரயிலில் போகலாம். அடிக்கடி விழும் முதியவரை அங்கே காட்டுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தகுதியுள்ளவர்கள் நோய் வரும் முன்பே அட்டை வாங்கி வையுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரையும் பிசியோதெரபியும் வருகின்றன. முதியோர் உதவி எண் 14567.

வீடு திரும்பும் முன்பே கழிவறையில் கைப்பிடியும் இரவு விளக்கும் பொருத்துங்கள். மாடியில் படுக்கை இருந்தால் கீழே மாற்றுங்கள்.

அந்தப் பேரனுக்குச் சொன்னது

"உன் மேல் குற்றமில்லை தம்பி. தூங்காமல் இருக்க எந்த மனிதனாலும் முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை" என்றேன். சொல்லித்தராதவர்களில் நானும் ஒருவன். நின்று தொழுவதன் சிறப்பை மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறேன். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையைப் பேசியது குறைவு. இப்போது நோயாளியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் துஆவோடு அந்தச் சலுகையையும் சொல்லிவிட்டு வருகிறேன்.

நாட்டம் அல்லாஹ்வுடையது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லாதீர்கள் என்ற கட்டளையில், நடு இரவில் மூன்றாவது முறை அவர்கள் எழுப்பும்போது முகம் சுளிக்காமல் எழுவதும் அடங்கும். எழுப்ப அவர்கள் தயங்குகிறார்கள் என்றால், நீங்களே முந்திக்கொண்டு, "அத்தா, எப்ப வேணும்னாலும் எழுப்புங்க" என்று தூங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

நம் பெற்றோரின் பாதங்களை அல்லாஹ் உறுதியாக்கி வைப்பானாக. ஆமீன்.